மூன்றே மூன்று கொக்கி

எங்கள் தெருவின் கூட்டு மின்சாரத்துக்கு இந்த மாதம் ஐந்து வயது நிறைகிறது. அதற்காக ஒரு சிறு மலர் அச்சடிக்கிறார்கள். அதில் என் வாழ்க்கைக் குறிப்பும் வர வேண்டும் என்று மச்சான் வந்து உட்கார்ந்துகொண்டான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். தெருவில் நல்லது எது நடந்தாலும் அதற்குப் பின்னால் அவன் இருப்பான், கெட்டது நடந்தால் விளக்கம் சொல்ல முன்னால் வருவான்.

"ஒரு பக்கம் போதும் அத்தான். பொறந்தது, வளந்தது, தெருவுக்குச் செஞ்சது. அவ்வளவுதான்."

பிறந்ததில் என் பங்கு எதுவும் இல்லை. வளர்ந்ததில் உண்டு, இடுப்பைப் பார்த்தாலே தெரியும். தெருவுக்குச் செய்தது என்று வந்தபோதுதான் பேனா நின்றுவிட்டது. நான் செய்ததை ஒரு வருஷத்துக்கு முன்பே ஊர் கூடிய இடத்தில் சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை, இரண்டு பேரைத் தவிர. அதில் ஒருத்தி என் மனைவி. என்னைப் பற்றிக் கெட்டதாக எது சொன்னாலும் அவள் நம்புவாள். இன்னொருவர் யார் என்பதுதான் இந்தக் குறிப்பு.

என் தொழில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது. அதாவது, ஒரு காலத்தில் விட்டது. எங்கள் ஊரில் மின்சாரத்தைக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திரும்பக் கொடுப்பார்கள். வெயிலோ மழையோ, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நேரம் தவறியதே இல்லை. தெருவில் இருபத்திரண்டு வீடு. அந்த ஏழு மணி நேரத்துக்கு எல்லோருக்கும் நான்தான் கதி. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பச்சை நிற ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தேன். கைப்பிடியைச் சுற்றினால் முதலில் இருமும், பிறகு கறுப்பாகப் புகை விடும், அப்புறம் டபடபவென்று சுவரில் மாட்டிய படங்களை எல்லாம் கோணலாக்கும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் டபடப மாமா. ஊரே கரண்ட் போச்சே என்று தலையில் கை வைக்கும்போது நான் மட்டும் சிரித்த முகமாகக் கொட்டகைக்கு நடப்பேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அந்த ரகம்.

இன்னொரு பலவீனமும் உண்டு. வெள்ளைச் சட்டை. டீசல் வேலை பார்க்கிறவனுக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று கேட்கக் கூடாது. கையில் கறை இருக்கலாம், நகத்தில் கறை இருக்கலாம், சட்டையில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. மடிப்புக் கலையாமல் தெருவில் இறங்கினால் பெரிய அதிகாரி மாதிரி இருக்கிறேனா என்று கண்ணாடியைக் கேட்பேன். கண்ணாடி பதில் சொல்லாது. மனைவி சொல்வாள். மலரில் போடக்கூடிய பதில் இல்லை அது.

அந்த மடிப்பெல்லாம் தெருமுனை இஸ்திரி அக்காவின் கைவேலை. தகரக் கூரைக்கு அடியில் நீளமாக ஒரு மேசை, அதன் மேல் நாலாக மடித்த கம்பளி, ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி. அவ்வளவுதான் கடை. கணவர் போன பிறகு நாத்தனாரும் அவரும் ஒரே மேசையில் நின்று பிழைத்தார்கள். என்னைவிட ஆறு வயது இளையவர்தான். தெருவே அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அக்கா என்பேன், அவர் பதிலுக்கு அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று யாரும் விசாரித்ததில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மச்சான் ஒரு சுருட்டிய தாளோடு வந்தான்.

"ஆறு மொட்டைமாடி, அத்தான். ஆறுலயும் சோலார் தகடு போடுறோம். வர்ற கரண்ட் எல்லாம் ஒரே பேட்டரி அறைக்கு வந்து சேருது. அங்கேர்ந்து இருபத்திரண்டு வீட்டுக்கும் போகுது. மாடி இருக்கறவங்க மாடி தர்றாங்க, மாடி இல்லாதவங்க வேலைக்குக் கை கொடுக்கறாங்க. எல்லாருக்கும் பொது."

"என் பொழப்பு?"

"அதைத்தான் அத்தான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றான். யோசித்த முகமாக எனக்குத் தெரியவில்லை.

தெருவிலேயே பெரிய மாடி, மரம் மறைக்காத மாடி என் வீட்டு மாடிதான். அது இல்லாமல் திட்டமே நடக்காது என்று தாளில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தான். விடுவேனா? "என் மாடியில ஒரு காக்கா உக்காரணும்னாக்கூட என்னைக் கேக்கணும்!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து மனைவி குரலை உயர்த்தாமல், "வீட்டுப் பத்திரத்துல யார் பேரு இருக்குன்னு பாத்துட்டுக் கத்துங்க" என்றாள். அவள் அப்பா அவளுக்கு விட்டுப்போன வீடு அது. இருபது வருஷத்தில் நான் மறந்திருந்தேன், அவள் மறக்கவில்லை.

ஆக, என் தலைக்கு மேலேயே தகடு ஏறியது. அதோடு விட்டார்களா? மழை ஒழுகாத இடம் வேண்டும் என்று என் கொட்டகையின் பாதியைத் தடுத்துச் சுவர் எழுப்பி அதையே பேட்டரி அறையாக்கினார்கள். ஒரு பக்கம் என் ஜெனரேட்டர், மறுபக்கம் அதன் எமன். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

எல்லாம் முடிந்தபோது இதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. தகடு துடைக்க வேண்டும், வயரைக் கவனிக்க வேண்டும், பேட்டரிக்குக் காவல் இருக்க வேண்டும். தெருவில் வயர் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தேன், பெருமூச்சு விட்டேன், "தெருவுக்குன்னு வந்துட்டா என் பொழப்பு என்ன பெருசு" என்றேன். கைதட்டினார்கள். நரியிடம் கோழிக்கூண்டின் சாவியைக் கொடுத்துவிட்டுக் கைதட்டிய தெரு எங்கள் தெருவாகத்தான் இருக்கும்.

தகடு மாட்ட வந்தவர்கள் போகும்போது என் கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ் போன்றவை எல்லா வீட்டிலும் எப்போதும் ஓடலாம். அதற்கு மேல் இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார் மாதிரி பெரியவை ஒரே நேரத்தில் ஐந்து ஓடலாம். ஐந்து என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். ஐந்து ஓடினால் யார் என்னைத் தேடுவார்கள்?

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அவர்கள் வைத்த பிரேக்கரைக் கழற்றினேன். அளவுக்கு மேல் இழுத்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிற சுவிட்ச் அது. அந்த இடத்தில் அதைவிடச் சின்னதாக ஒன்றை வைத்தேன். இனி மூன்று பெரிய மெஷின் வரை ஓடும், நாலாவது போட்டால் தெருவே அணையும். பிறகு அறைக் கதவில் மூன்று கொக்கி அடித்தேன். வீட்டுக்கு ஒரு மரத்துண்டு, அதில் வீட்டு எண். பெரிய மெஷின் ஓட்டுகிறவர் தன் துண்டைக் கொக்கியில் மாட்ட வேண்டும், முடித்ததும் எடுத்துவிட வேண்டும். மூன்று கொக்கியும் நிறைந்திருந்தால் காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரு கொக்கிதான். பத்து நாளில் அடித்துக்கொள்வார்கள், பதினோராம் நாள் டபடப மாமாவைத் தேடி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் இஸ்திரி அக்கா என் சட்டையைக் கொண்டுவந்தார். கூடவே அந்தத் தாளும் இருந்தது. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டு நாலாக மடித்திருந்தார்.

"பையில இருந்துச்சு அண்ணே. நனைஞ்சிடப் போகுதுன்னு எடுத்து வச்சேன். முக்கியமான காயிதமா?"

பிரித்துப் பார்க்கவில்லை என்று முகமே சொன்னது. அடுத்தவர் காகிதத்தைப் பிரிக்கிற ஆள் இல்லை அவர். "ஒண்ணுமில்லக்கா, பழைய ரசீது" என்று வாங்கி, போல்ட் நட்டு போட்டு வைக்கும் தகர டப்பாவின் அடியில் தள்ளினேன்.

முதல் வாரம் என் கணக்குப்படியே நடந்தது. ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர் கொக்கியில் துண்டு மாட்டாமல் திருட்டுத்தனமாக மோட்டார் போட்டார். தெருவே அணைந்தது. இருபத்தொரு வீடும் வாசலுக்கு வந்து அவரைப் பிடித்து உலுக்கியது. "பாத்தீங்களா? மூணுக்கு மேல தாங்காதுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!" என்றேன். அன்றிலிருந்து என் வார்த்தை தெருவுக்கு வேதவாக்கு.

ஆனால் இரண்டாவது வாரம் மனிதர்கள் என்னை ஏமாற்றிவிட்டார்கள். சண்டை போடுவதற்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தார்கள். கொக்கிக்காகக் காத்து நிற்கிற இடத்தில் வேறு என்னதான் செய்வார்கள்? நாலாம் நம்பர் வீட்டு மெஷினில் ஐந்தாம் நம்பர் வீட்டுத் துணியும் சேர்ந்து சுற்றியது. ஒரே மோட்டார் இரண்டு தொட்டியை நிரப்பியது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வந்தது, அதில் மறுநாள் முறையை அவர்களே எழுதிக்கொண்டார்கள். மூன்று வருஷமாக முகம் பார்க்காத இரண்டு வீட்டுக்காரர்கள் அந்தக் கதவடியில் சிரித்துப் பேசியதை என் கண்ணால் பார்த்தேன். ஆப்பைப் பிடுங்கின குரங்கின் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது வால் மாட்டிக்கொண்டால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

என் ஜெனரேட்டரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்துவேன், துருப்பிடிக்கக் கூடாதே. "அப்படியே மடியில போட்டு ரெண்டு வாய் ஊட்டிவிடுங்க" என்பாள் மனைவி. மூன்றாம் வருஷம் கல் உடைக்கிற இடத்திலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போனார். வண்டியில் ஏற்றும்போது அது ஒரு தரம்கூட இருமவில்லை.

அதற்குள் எனக்கும் ஒரு நோய் பிடித்திருந்தது. காலை ஆறு மணிக்கு மாடியேறி ஈரத்துணியால் தகட்டைத் துடைக்காவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. "கொக்கி மாமா, இன்னிக்கு வெயில் எப்படி?" என்று கேட்பார்கள். ஏதோ சூரியனை நான்தான் கயிறு கட்டி மேலே இழுத்துவிட்ட மாதிரி, "பத்து மணிக்கு மேல பாருங்க" என்பேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. டபடப மாமாவை யாரும் வெயிலைப் பற்றிக் கேட்டதில்லை.

அப்படியானால் அந்தப் பிரேக்கரை மாற்றித் தொலைப்பதற்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். மாற்றினால் கொக்கி ஐந்தாக வேண்டும். ஐந்தானால் இத்தனை நாள் ஏன் மூன்று என்ற கேள்வி வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அதை வெளியே எடுக்கப் போனால் சோறும் சேர்ந்துதான் சிதறும். யாருக்கும் நஷ்டமில்லையே, எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

யாருக்கும் நஷ்டமில்லை என்பது பொய். ஒருவருக்கு இருந்தது.

மற்ற வீடுகளுக்குப் பெரிய மெஷின் ஒரு நாளில் ஒரு மணி நேரம். இஸ்திரி அக்காவுக்கோ அதுதான் சோறு. காலை ஒன்பது மணிக்கு முன்பே வந்து முதல் கொக்கியில் துண்டை மாட்டிவிட்டு நிற்பார். இரண்டாம் வருஷம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜிலிருந்து அவருக்கு ஒரு வேலை வந்தது. தினமும் நாற்பது படுக்கை விரிப்பு, பன்னிரண்டு மணிக்குள் மடித்துக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பெட்டியில் முடியாது. அவர் ஒரு பெட்டி, நாத்தனார் ஒரு பெட்டி என்று நின்றால் முடியும். அதற்கு இரண்டு கொக்கி வேண்டும்.

ஒரு மழை நாளில் வந்து கேட்டார். தலையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"அண்ணே, நாலாவதா ஒரு கொக்கி வைக்க வழியே இல்லையா?"

"முடிஞ்சா வைக்க மாட்டேனாக்கா? பேட்டரி தாங்காது."

"நீங்க சொன்னா சரிதான் அண்ணே" என்று மழையிலேயே திரும்பிப் போனார். லாட்ஜ் வேலை வேறு யாருக்கோ போனது. ஒரு மேசையில் இரண்டு பேர் பிழைக்க முடியாமல் நாத்தனார் இரண்டு பஸ் மாறி ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அன்று சாயங்காலம் என் சட்டை வழக்கம் போல் மடிப்போடு வந்தது. நானும் வழக்கம் போல் போட்டுக்கொண்டேன்.

நாலாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை அக்கா மறுபடி வந்து நின்றார்.

"லாட்ஜ்ல திரும்பக் கேக்கறாங்க அண்ணே. அவங்களுக்குச் செய்யறவரு ஊரை விட்டுப் போறாராம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். இந்தத் தடவையும் விட்டா இனிமே என்னைத் தேட மாட்டாங்க. நாத்தனாரையும் திரும்பக் கூப்பிட்டுக்கலாம். பாவம், கால் வீங்கி வருது அதுக்கு. ஏதாவது வழி இருக்கான்னு பாருங்களேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பாக்கறேன்க்கா" என்று வந்தது.

செவ்வாய்க்கிழமை பழைய பிரேக்கரைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு அறைக்குப் போனேன். பத்து நிமிஷ வேலை. மாற்றிவிட்டு, பேட்டரி இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது, நாலாவது கொக்கி வைக்கலாம் என்று அளந்துவிடுவதாகத் திட்டம். மெயினை அணைத்தேன். அவ்வளவுதான், இருபத்திரண்டு கதவும் திறந்தது. "என்னாச்சு?" "என்னாச்சு மாமா?" மச்சானுக்கு அன்றைக்கென்று பள்ளி விடுமுறை. டார்ச்சோடு வந்து என் தோளுக்கு மேல் ஒளியடித்து, "நீங்க பாருங்க அத்தான், நான் பிடிக்கறேன்" என்று அசையாமல் நின்றான். பையில் இருந்த பிரேக்கர் செங்கல் மாதிரி கனத்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். இருந்ததையே கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டினேன்.

"தூசி" என்றேன்.

"எவ்வளவு பொறுப்பு பாருங்க" என்றான் மச்சான், வாசலில் நின்றவர்களிடம்.

புதன்கிழமை தகடு கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஒரு பெண் பொறியாளர் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் ஒவ்வொரு பேட்டரியாகக் கருவியை வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"நாலு வருஷப் பேட்டரின்னு சொன்னா நம்ப முடியலையே. மத்த இடத்துல மூணாவது வருஷமே மாத்தணும்னு நிக்கறாங்க."

பிறகு பிரேக்கர் பெட்டியைத் திறந்தார்.

"இவ்வளவு சின்ன பிரேக்கர் யார் போட்டது?"

"அத்தான்தான்" என்றான் மச்சான் பெருமையாக.

"தெரிஞ்சேதான் போட்டீங்களா சார்?"

"தெரிஞ்சேதான்" என்றேன். நாலு வருஷத்தில் அந்த அறையில் நான் பேசிய முதல் உண்மை.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதுல அஞ்சு ஓடும். எல்லாரும் அஞ்சும் ஓட்டித்தான் பேட்டரியைக் கொல்றாங்க. நீங்க மூணோட நிறுத்தினதாலதான் இது பிழைச்சிருக்கு. இப்பவும் அஞ்சு போட்டா ஒண்ணும் கெட்டுடாது, மூணாவே விட்டா இன்னும் நாள் உழைக்கும். முடிவு உங்களோடது."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். கத்தவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே என் வீட்டு மாடியில் கூட்டம். தகடுகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு. மச்சான் எழுந்து என் தொலைநோக்கைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான். ஒரு ஜெனரேட்டர்காரர் தன் பிழைப்பையே கெடுத்துக்கொண்டு தெருவின் பேட்டரிக்கு ஆயுள் கொடுத்த கதையை அவன் வாயால் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. கடைசியில் சொன்னான்: "மூணு கொக்கிங்கறது இனிமே நம்ம தெருவோட நிரந்தர விதி. யாரும் நாலாவது கேக்கக் கூடாது. அத்தானுக்கு நாம செய்யற மரியாதை அதுதான்."

கைதட்டல். கடைசி வரிசையில் இஸ்திரி அக்காவும் தட்டினார். தட்டிவிட்டு மெல்ல எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தார். லாட்ஜுக்குச் சொல்ல வேண்டிய பதில் அவருக்குக் கிடைத்துவிட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் முதல் தடவையாக, யாரும் திட்டாமலேயே வெட்கமாக இருந்தது.

"அக்கா, நில்லுங்க" என்றேன். நாற்காலியை விட்டு எழுந்தேன். "இவன் சொன்னதெல்லாம் பொய். நான் பேட்டரிக்காகச் செய்யல. நீங்க எல்லாம் அடிச்சுக்கிட்டு என் ஜெனரேட்டருக்கே திரும்பி வரணும்னு செஞ்சேன். அஞ்சு ஓடும்னு எனக்கு மொதல் நாளே தெரியும்." கீழே ஓடிப் போய் தகர டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தேன். போல்ட்டுகள் உருண்டன. தாளை எடுத்து மச்சானிடம் கொடுத்தேன்.

அவன் படித்தான். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! அஞ்சுன்னு கம்பெனியே எழுதிக் கொடுத்தும் அதை நம்பாம மூணோட நிறுத்தியிருக்காரு. நாமளா இருந்தா செஞ்சிருப்போமா? கேட்டா என்ன சொல்றாரு பாருங்க, ஜெனரேட்டருக்காகச் செஞ்சாராம்!"

மாடியே சிரித்தது. ஒன்பதாம் நம்பர் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெறகுடம் தளும்பாதுங்க" என்றார். வாழ்க்கையில் பொய் சொன்னபோதெல்லாம் நம்பினார்கள். ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன், அடக்கம் என்றார்கள்.

"சிரிக்காதீங்கய்யா! நாளைக்கே அஞ்சு கொக்கி ஆகணும்" என்று கத்தினேன்.

"அத்தானே சொல்லிட்டாரு, அஞ்சுதான்" என்றான் மச்சான். அதற்கும் கைதட்டினார்கள்.

எல்லோரும் இறங்கிப் போனார்கள். நான் குனிந்து போல்ட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இஸ்திரி அக்கா போகவில்லை. நாற்காலி மேல் கிடந்த தாளை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இது நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த காயிதம்தானே அண்ணே? மடிப்பைப் பாத்தாலே தெரியுது."

"ஆமாக்கா."

"பழைய ரசீதுன்னீங்க."

"ஆமா."

"அப்போ மழையில வந்து நான் கேட்டப்போ?"

"தெரியும். தெரிஞ்சேதான் தாங்காதுன்னேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து, நகத்தால் ஒரு தரம் அழுத்தித் தேய்த்து, என் கையில் கொடுத்தார். "சரி" என்றார். அண்ணே என்ற சொல் அதில் இல்லை.

மறுநாள் பிரேக்கரை மாற்றி மேலும் இரண்டு கொக்கி அடித்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு கொக்கி என்ற விதியையும் கரும்பலகையில் நானே அழித்தேன். வெள்ளிக்கிழமை அக்கா லாட்ஜுக்குச் சம்மதம் சொன்னார். அடுத்த வாரமே நாத்தனார் மேசையின் மறுபக்கத்தில் வந்து நின்றார். காலையில் இரண்டு பெட்டியும் ஓடுகிற ஆவி என் வாசல் வரை வரும்.

அந்த வாரம் மனைவி எடுத்துப் போன துணி மூட்டை திரும்பி வந்தது. அவளுடையது எல்லாம் மடிப்போடு. என் சட்டைகள் போன மாதிரியே, கசங்கியபடி.

"அவரோடதுக்கு நேரமில்லையாம்" என்றாள் மனைவி.

"கேட்டியா, ஏன்னு?"

"ஏன் கேக்கணும்? நீங்க மாடியில சொன்னதை நான் நம்பிட்டேனே."

அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். நானே போடலாம் என்று ஒரு நாள் கொக்கியில் துண்டை மாட்டிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். முதுகில் முக்கோணமாக ஒரு ஓட்டை விழுந்தது. வேறு இஸ்திரிக் கடைக்குப் போகலாம்தான். அடுத்த தெருமுனை வரை மூட்டையோடு போனேன், ஏனோ திரும்பி வந்துவிட்டேன். ஒரு வருஷமாகக் கசங்கிய சட்டையில்தான் தகடு துடைக்கிறேன், வெயில் சொல்கிறேன். தெரு என்ன நினைத்தது என்கிறீர்கள்? "பழைய மிடுக்கெல்லாம் போயே போச்சு பாருங்க. எவ்வளவு எளிமை!" மற்ற தெருக்களிலிருந்து திட்டத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் மச்சான் என் சட்டையையும் காட்டுகிறான்.

இந்தக் குறிப்பை இங்கே நிறுத்தியிருந்தேன். இன்று காலை மச்சான் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான், மலருக்கு என் படம் வேண்டும் என்று. போட்டிருந்த சட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "எளிமை சரி அத்தான், அச்சுல அழுக்கு மாதிரி தெரியும். வாங்க" என்று சட்டையைக் கழற்றச் சொல்லி, பனியனோடு என்னைத் தெருமுனைக்கு இழுத்துப் போனான்.

மேசையில் வெள்ளை விரிப்புகள் மலையாக இருந்தன. அக்கா ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இதை மட்டும் முதல்ல ஒரு தேய்ப்புத் தேச்சுக் கொடுங்க, படம் எடுக்கணும்" என்றான் மச்சான். "பேட்டரியைக் காப்பாத்தின மனுஷன் இல்லையா?"

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஒரு வருஷம் கழித்து என்னை நேராகப் பார்த்தார்.

"அவர் ஒண்ணும் காப்பாத்தல, வாத்தியாரே. அன்னிக்கு மாடியில அவர் சொன்னது நெசம்."

மச்சான் வழக்கம் போல் சிரிக்க ஆரம்பித்தான். அக்கா சிரிக்கவில்லை. நாத்தனாரும் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அக்கா என் கையிலிருந்த சட்டையை வாங்கினார். உதறிப் பார்த்தார். பிறகு விரிப்பு மலைக்கு அடியில், எல்லாவற்றுக்கும் கீழே, அதைச் செருகினார்.

"வரிசையில இருக்கட்டும் அண்ணே."

"எவ்வளவு நேரமாகும்கா?"

"தெரியாது. நில்லுங்க."

பனியனோடு நின்றேன். மழை வரும் போல இருந்தது.